ஜனவரி 30: தானாக வந்தவையும் தேடி வைத்தவையும்



வேலூர் மேடையில் ‘வரலாற்றில் ஒரு நாள்’ என்று தலைப்பு வைத்தால் எல்லோரும் எதிர்பார்ப்பது ஜூலை 10. 1806-ல் அந்த நாள் விடியும் முன்பே கோட்டைக்குள் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தார்கள். நெற்றியில் குறி இடக் கூடாது, தாடி கூடாது, புதுமாதிரித் தலைப்பாகை கட்ட வேண்டும் என்ற உத்தரவுகளும், அந்தத் தலைப்பாகையில் செருகிய தோல் குஞ்சமும் அவர்களைக் கொதிக்க வைத்திருந்தன. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து அன்றைக்கே கோட்டையை மீட்டார். இருநூறாவது ஆண்டில் அஞ்சல் தலையும் வெளியானது. ஜூலை 10-ஐ எடுத்துச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. இந்தச் சொற்பொழிவு எடுத்துக்கொள்வது அதே கோட்டைக்குச் சொந்தமான வேறொரு தேதியை. வேலூர்க்காரர்களே வேலூரோடு சேர்த்து நினைக்காத தேதி அது: ஜனவரி 30.

1832 ஜனவரி 30, திங்கட்கிழமை. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் கைதியாகவே இறந்தார். நாயக்கர் வழியில் வந்த இவரது இயற்பெயர் கண்ணுசாமி. 1798-ல் அரியணை ஏறினார். 1815 பிப்ரவரி 18 அன்று பிடிபட்டார். மார்ச் 2 அன்று கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட, இலங்கை முழுவதும் பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மன்னரையும் குடும்பத்தையும் கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். திப்பு சுல்தானின் குடும்பத்தை அடைத்து வைத்திருந்த கோட்டை அது. 1806 கலகத்துக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டதால் இடம் காலியாக இருந்தது. பதினாறு ஆண்டுகள் அங்கே வாழ்ந்து முடித்தவருக்குப் பாலாற்றங்கரையில் சமாதி அமைந்தது. அங்கே முத்துமண்டபம் எழுந்தது 1990-ல்தான்.

இந்தச் சாவில் யாரும் திட்டமிடாத ஒரு பொருத்தம் ஒளிந்திருக்கிறது. 1649 ஜனவரி 30 அன்று லண்டன் வைட்ஹால் அரண்மனைக்கு வெளியே முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டினார்கள். முடியாட்சி திரும்பியதும் இங்கிலாந்துத் திருச்சபை அந்த நாளை நோன்பு நாளாக்கியது. 1662-ஆம் ஆண்டுப் பொது வழிபாட்டு நூலில் அதற்கென்றே ஒரு தனி வழிபாடு சேர்ந்தது. 1859 வரை அது நீக்கப்படவில்லை. ஆக, இன்னொரு நாட்டின் மன்னரை அரியணையிலிருந்து இறக்கிச் சிறை வைத்திருந்த ஆங்கிலேயர், தங்கள் மன்னரைக் குடிகள் கொன்ற பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கும் வழிபாட்டைத் தங்கள் நூலில் குறித்து வைத்திருந்த அதே நாளில் அந்தக் கைதி மன்னர் கண்ணை மூடினார். ஒரு நாவலாசிரியர் இப்படி எழுதினால் ‘ரொம்பச் செயற்கை’ என்று பதிப்பாசிரியர் அடித்துவிடுவார்.

சார்லஸைக் கொன்ற தரப்பின் தலைவர் ஆலிவர் கிராம்வெல். அவர் வாழ்க்கையில் இரண்டு தேதிகள் உண்டு. இன்று பேச வேண்டிய இரண்டு வகைகளும் அவற்றில் அடங்கிவிடுகின்றன. டன்பார் போரில் அவர் வென்றது 1650 செப்டம்பர் 3. வூஸ்டர் போரில் வென்றது 1651 செப்டம்பர் 3. காய்ச்சலில் படுத்து இறந்ததும் 1658 செப்டம்பர் 3 அன்றுதான். இது தானாக வந்தது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து, பழிதீர்க்க நினைத்த அரச தரப்பார் அவரது உடலைக் கல்லறையிலிருந்து தோண்டியெடுத்து டைபர்ன் தூக்குமரத்தில் தொங்கவிட்டார்கள். அதற்குத் தேர்ந்தெடுத்த நாள் 1661 ஜனவரி 30. இது தேடி வைத்தது. நாட்காட்டியில் ஒரே கட்டத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும் செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் எது தானாக வந்தது, எது தேடி வைத்தது என்று பிரித்துக்கொண்டால் பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

தானாக வருவதில் பெரிய அதிசயமும் கிடையாது. ஓர் அறையில் 23 பேர் இருந்தால், அவர்களில் யாரோ இருவருக்குப் பிறந்த நாள் ஒன்றாக இருக்க வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். 57 பேர் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் மேல்பாகம் தைக்கும் ஒரு வரிசையிலேயே அத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊரில் இந்தக் கணக்கு இன்னும் சுலபம். ஐந்து வயது நிரம்பியதாகக் காட்டிப் பள்ளியில் சேர்க்க, மே, ஜூன் மாதங்களில் ஏதோ ஒரு தேதியைத் தலைமையாசிரியரே எழுதிக்கொண்ட தலைமுறை ஒன்று உண்டு. கேரளத்தில் ஆண்டுதோறும் மே 31 அன்று அரசு ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக ஓய்வு பெறுவதற்குக் காரணம் இதுதான். அவர்கள் எல்லோரும் மே மாதத்தில் பிறந்தார்கள் என்று எந்த மருத்துவச்சியும் சாட்சி சொல்ல மாட்டாள்.

தேதியே நிலையானதல்ல என்பதற்கு ஆம்பூரைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் யானை மேல் இருந்தபடி சுடப்பட்டு விழுந்த ஆம்பூர்ப் போர் நடந்தது 1749-ல். சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையைச் சேர்த்துக்கொண்டு போரிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 3. கடலூர்க் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் கணக்கில் அதே நாள் ஜூலை 23. இங்கிலாந்து அப்போதும் பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. 1752-ல்தான் 11 நாட்களைத் தூக்கியெறிந்துவிட்டு மற்ற ஐரோப்பியரோடு சேர்ந்துகொண்டது. வங்காள விரிகுடாவின் ஒரே கரையில் சில மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த இரண்டு கோட்டைகளில் இரண்டு தேதி ஓடிக்கொண்டிருந்தது. சார்லஸ் மன்னருக்கும் இதே கதைதான். புதிய கணக்குப்படி அவர் இறந்த நாள் பிப்ரவரி 9. அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்ததால், அந்தக் காலத்து ஏடுகளில் ஆண்டும் 1648 என்றே இருக்கும்.

பழைய காலத்துக் குழப்பம் என்று ஒதுக்கவும் முடியாது. 1967-ல் வட வியட்நாம் அரசு தன் சந்திரமான நாட்காட்டியைத் தன் நேர மண்டலத்துக்கு ஏற்பத் திருத்தியது. அதனால் 1968-ல் ‘டெட்’ புத்தாண்டு ஹனோயில் ஜனவரி 29 அன்றும் சைகோனில் 30 அன்றும் வந்தது. அமெரிக்கப் படைகளைத் திகைக்க வைத்த டெட் தாக்குதலில் டா நாங், நா டிராங் போன்ற ஊர்களில் சில படையணிகள் ஒரு நாள் முந்தி, ஜனவரி 30 அதிகாலையிலேயே பாய்ந்துவிட்டன. இரண்டு நாட்காட்டிகளால் வந்த வினை என்று வரலாற்றாசிரியர்கள் இதற்கு விளக்கம் தருகிறார்கள்.

தமிழர் வாழ்வில் இந்த இரட்டை நாட்காட்டிக்கு வள்ளலாரே நல்ல எடுத்துக்காட்டு. ஸ்ரீமுக ஆண்டு தை 19, வெள்ளிக்கிழமை இரவு, மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் ராமலிங்க அடிகள் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். பிறகு யாரும் அவரைக் காணவில்லை. அவர் ஜோதியில் கலந்தார் என்பது அன்பர்கள் நம்பிக்கை. தென்னாற்காடு மாவட்டத்தைப் பற்றி ஆட்சியர் கார்ஸ்டின் எழுதி 1878-ல் வெளியான கையேடும் இந்த நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறது. ஆங்கிலத் தேதியில் அது 1874 ஜனவரி 30. ஆனால் வடலூருக்கு ஜனவரி 30 அன்று கூட்டம் போவதில்லை. தைப்பூசத்துக்குத்தான் போகிறது. தைப்பூசம் 2024-ல் ஜனவரி 25, 2025-ல் பிப்ரவரி 11, 2026-ல் பிப்ரவரி 1. ஏழு திரை நீக்கி ஜோதி காட்டும் அந்த நாளுக்கு நட்சத்திரம்தான் கணக்கு. தமிழகத்தின் மிகப் பெரிய ஆன்மிக நிகழ்வுகளில் ஒன்று ஜனவரி 30-ல் நடந்திருந்தும், தினத்தாள்களின் ‘இந்த நாளில்’ பெட்டிக்குள் அது சரியாக உட்காராததற்கு இதுவே காரணம்.

சரியாக 74 ஆண்டுகள் கழித்து, மீண்டும் ஒரு வெள்ளிக்கிழமை. 1948 ஜனவரி 30, மாலை 5:17. டெல்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில் பிரார்த்தனைக்கு நடந்துகொண்டிருந்த காந்தி மூன்று குண்டுகளுக்கு இரையானார். அதற்குப் பிறகு அந்தத் தேதியில் வேறு எதற்கும் இடம் இல்லாமல் போயிற்று. அதே நாளில் அமெரிக்காவின் டேட்டன் நகரில், விமானத்தை முதன்முதலில் ஓட்டிக் காட்டிய ஆர்வில் ரைட் மாரடைப்பில் இறந்தார், வயது 76. வேறு எந்த நாளாக இருந்தாலும் உலகம் முழுதும் அது தலைப்புச் செய்தி. பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் 1910-ல் இதே தேதியில் பிறந்து, அப்போது அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்த சி. சுப்பிரமணியத்துக்கு அன்று 38 வயது நிறைந்தது. பின்னாளில் உணவுத் துறை அமைச்சராகிப் பசுமைப் புரட்சிக்கு அரசுக் கதவைத் திறந்துவிட்டவர். காந்தியவாதியான அவருக்குப் பிறந்த நாள் எப்போதுமே துக்க நாளாகத்தான் வந்தது. புடாபெஸ்ட்டில் 1913-ல் இதே நாளில் பிறந்த ஓவியர் அம்ரிதா ஷெர்-கில்லையும் இந்த நிழல் மறைத்தே வைத்திருக்கிறது.

தேதியைத் தேடி வைப்பதில் கைதேர்ந்தவர்கள் நாஜிகள். ஹிட்லர் ஜெர்மனியின் சான்ஸலர் ஆனது 1933 ஜனவரி 30. ஆண்டுதோறும் அந்த நாளில் விழாவும் உரையும் உண்டு. சுவிட்சர்லாந்தில் சுட்டுக் கொல்லப்பட்ட வில்ஹெல்ம் குஸ்ட்லாஃப் என்ற கட்சிக்காரரின் பெயரை ஒரு பெரிய உல்லாசக் கப்பலுக்குச் சூட்டினார்கள். அவர் பிறந்ததும் 1895 ஜனவரி 30. போரின் கடைசிக் கட்டத்தில் அகதிகளை ஏற்றிக்கொண்டு பால்டிக் கடலில் போன அந்தக் கப்பலைச் சோவியத் நீர்மூழ்கி எஸ்-13 மூன்று டார்ப்பிடோக்களால் மூழ்கடித்தது 1945 ஜனவரி 30 இரவு. மாண்டவர்கள் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கட்சிக்காரரின் பிறப்பும் கப்பலின் முடிவும் தற்செயலாகக் கூடிய அந்தத் தேதியை மையமாக வைத்தே குந்தர் கிராஸ் 2002-ல் ஒரு நாவல் எழுதினார். அந்தத் தற்செயலைப் புனிதமாக்கி வெறுப்பு வளர்ப்பவர்களைப் பற்றிய நாவல் அது.

இனி தோல் பட்டறைகள் பக்கம் வருவோம்.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ஜனவரி 30 காலை பதினொரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம். அதே நாளில் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி. அதே நாளில் தொழுநோய் ஒழிப்பு உறுதிமொழி. மூன்றும் தேடி வைத்தவை. மற்ற மாவட்டங்களில் இவை சுற்றறிக்கையில் வந்து போகும் சடங்குகள். வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரிசையில் அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்தப் பாலாற்றுப் பள்ளத்தாக்கின் பிழைப்பே, ஊர் தொட மறுத்த பொருளைத் தொட்டவர்களால் எழுந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் அளவு நின்று மயிர் நீக்கியவர்கள் பெரும்பாலும் தலித் தொழிலாளர்கள். முதலும் மண்டியும் வைத்தவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள். லண்டன் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று பெயர் வாங்கிய சரக்கு அது. அந்தப் பெயர் அக்ரகாரத்துத் தெருவிலோ ஊர்க் கிணற்றடியிலோ செல்லுபடியாகவில்லை.

காந்திக்கும் தோலுக்கும் உள்ள உறவு இந்தப் பகுதியில் அதிகம் பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது அவர் செருப்புத் தைக்கப் பழகினார். நண்பர் காலன்பாக் மரியான்ஹில் துறவிமடத்தில் போய்க் கற்றுவந்து இவருக்குச் சொல்லிக்கொடுத்தார். வைசிய குலத்தில் பிறந்த பாரிஸ்டர் ஒருவர் தோலை மடியில் வைத்து ஊசி கோப்பது அன்று சாதாரணச் செய்தி அல்ல. சிறையில் இருந்தபோது தன் கையால் செய்த ஒரு ஜோடியைத் தன்னைச் சிறையிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கே 1914-ல் பரிசளித்துவிட்டுத்தான் கப்பலேறினார். ஸ்மட்ஸ் பல கோடைகள் அதை அணிந்தார். 1939-ல் காந்தியின் எழுபதாவது பிறந்த நாளையொட்டி அந்த ஜோடியைத் திருப்பி அனுப்பிவைத்தார். பிற்பாடு சபர்மதியிலும் வார்தாவுக்கு அருகே நால்வாடியிலும் டேனரி நடத்திப் பார்த்தார்கள். செத்த மாட்டின் தோலை மட்டும் பதனிடுவது அங்கே விதி. அகிம்சைக்குப் பொருந்தும் அந்த விதி, ஏற்றுமதி ஆர்டரை நம்பி நடக்கும் ஆம்பூர்க் கம்பெனிக்குப் பொருந்தாது என்பது வெளிப்படை. ஆனால் தோல் வேலையைக் கௌரவமான வேலை என்று ஒரு தேசத் தலைவர் கையால் செய்து காட்டியது பொருந்தாமல் போகவில்லை. அவர் இறந்து மூன்று மாதம் முடிவதற்குள், 1948 ஏப்ரல் 24 அன்று, சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. தேதியைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த நிலையத்தை உலகறியச் செய்த இயக்குநர் ஒய். நாயுடம்மா 1985 ஜூன் 23 அன்று அட்லாண்டிக் வானில் வெடித்த கனிஷ்கா விமானத்தில் இறந்தார். தோல் தொழில்காரர்கள் நாட்காட்டியில் வட்டமிட வேண்டிய நாள் அது.

தொழுநோய் நாளின் வரலாறு இன்னும் நேராக வேலூரைத் தொடுகிறது. எரவாடா சிறையில் காந்தியோடு இருந்த சமஸ்கிருத அறிஞர் பர்ச்சுரே சாஸ்திரிக்குத் தொழுநோய். பிற்பாடு அவர் சேவாகிராமத்துக்கு வந்தபோது காந்தி அவரைத் தங்கவைத்துத் தானே புண் கழுவி எண்ணெய் தேய்த்துவிட்டார். ரவுல் ஃபோலரோ என்ற பிரெஞ்சுக்காரர் 1954-ல் உலகத் தொழுநோய் நாளைத் தொடங்கியபோது ஜனவரி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். காந்தியின் நினைவு நாளை ஒட்டி வர வேண்டும் என்பது எண்ணம். இந்தியா ஞாயிறு என்று பாராமல் 30-ஆம் தேதியிலேயே நிலைகொண்டது. நோய்க்காக ஒரு மனிதரின் தேதியைப் பிடித்துக்கொள்ளும் உத்திக்கு முன்னோடியும் இதே தேதியில்தான் இருக்கிறது. போலியோவால் கால் செயலிழந்த அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பிறந்தது 1882 ஜனவரி 30. 1934 முதல் அவர் பிறந்த நாளன்று நாடெங்கும் நடன விருந்துகள் வைத்துப் போலியோ நிதி திரட்டினார்கள்.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்த பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால் நோயாளிகள் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், ஆணி ஏறிய காலோடு நடக்கிறார்கள், தூக்கத்தில் எலி கடித்தாலும் அறிவதில்லை. விரல்கள் போவது இந்தக் காயங்களால்தான் என்று பிராண்டும் அவரது குழுவும் நிறுவினார்கள். எலிக்குத் தீர்வாக நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைத்தார்கள். 1955-ல் காட்பாடிக்கு அருகில் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை உருவானது.

கை சரியானாலும் கால் புண் திரும்பத் திரும்ப வந்தது. அங்கே மருத்துவம் செருப்புத் தொழிலிடம் போய் நின்றது. உணர்ச்சியில்லாத பாதத்துக்கு எப்படிப்பட்ட செருப்பு வேண்டும்? அடித்தளம் மெத்தென்று அமுங்கி எடையைப் பரப்ப வேண்டும். அதற்கு நுண்துளை ரப்பர். மேலே நல்ல தோல் பட்டை. பின்னங்காலில் கட்டாயம் ஒரு வார், ஏனென்றால் விரலால் செருப்பைக் கவ்விப் பிடிக்க நோயாளியால் முடியாது. ஆணி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒட்டவும் தைக்கவும் மட்டுமே வேண்டும். நல்ல ஷூ என்றால் எது என்று ஆம்பூரில் ஏற்றுமதித் தரம் பார்க்கும் எவரும் அரை நாள் பேசுவார். கரிகிரியில் அதே கேள்விக்கு விடை, ஆறு மாதம் கழித்துக் கழற்றிப் பார்க்கும்போது அந்தப் பாதத்தில் புதுப் புண் இல்லை என்பதுதான். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்று கடைகளில் விற்கும் மெத்தென்ற செருப்பும் இதே காரணத்துக்காக எழுந்ததே.

1980-களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை நோயைக் குணமாக்கிவிட்டது. ஆனாலும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றைக்கும் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். உணர்ச்சியற்ற தேமல் ஒன்று தென்பட்டவுடனே வந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து இலவசம். ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் போதும். ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் வராமல் இருப்பவர்களுக்காகத்தான் அந்த உறுதிமொழி வாசிக்கப்படுகிறது. 2020 ஜனவரி 30 அன்று திருச்சூரில் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி உறுதியானார். உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசர நிலையை அறிவித்ததும் அன்றே. அடுத்த சில மாதங்களில் தெரு வாசல்களில் தகரம் அடித்து நோயாளி வீட்டை ஒதுக்கியதைப் பார்த்தவர்களுக்கு, அந்தத் தேதியில் ஏற்கெனவே ஓர் உறுதிமொழி இருப்பது நினைவுக்கு வந்ததா என்று தெரியவில்லை.

உலகத் தொழுநோய் நாளும் இந்தியாவின் ஜனவரி 30-உம் 2022-ல் ஒரே நாளில் வந்தன, அன்று ஞாயிறு. அடுத்து 2028-ல் அப்படி வரும். அன்றும் ஞாயிறு என்பதால், அலுவலக வழக்கப்படி பார்த்தால் உறுதிமொழியை முந்தைய வேலை நாளான ஜனவரி 28, வெள்ளிக்கிழமையே வாசித்து முடித்திருப்பார்கள்.